தாழாத முட்டை

முட்டை மிதந்தது.

நல்லரத்தினம் சேர் கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் மிதந்தது. பள்ளிக்கூடத்துக் கிணற்றிலிருந்து சற்று முன் அள்ளிய தண்ணீரில், உச்சந்தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, குளத்தில் ஆறுதலாகக் குளிக்கிற ஆளைப் போல அது கண்ணாடிச் சாடிக்குள் அசைந்துகொண்டிருந்தது.

"ஆரு இதுக்குள்ள உப்புப் போட்டது?"

"போடல்ல சேர்!" என்று தரம் பத்தின் பதினேழு பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அவ்வளவு ஒற்றுமையாகச் சொன்னால் எதுவும் பொய் மாதிரித்தான் கேட்கும். ஆனால் உண்மை அதுதான்.

நேரம் எட்டுப் பத்து. பத்து மணிக்குக் கல்வி வலயத்திலிருந்து அதிகாரி வருகிறார்.

பாடத்தின் பெயர் அடர்த்தி. மேசையில் இரண்டு சாடி. ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் உப்புக் கரைக்க வேண்டும். நல்ல தண்ணீரில் முட்டை தாழும், உப்புத் தண்ணீரில் மிதக்கும், பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள், பாடம் முடியும். விதைநெல் தெரிந்தெடுப்பதற்கு உப்புத் தண்ணீரில் முட்டை போட்டுப் பார்க்கிற நாட்டில் இது ஒரு பெரிய வித்தையா?

நல்லரத்தினம் சேரைக் குறை சொல்லவும் கூடாது. தங்கமான மனிசன். நாவற்குடாவில் வீடும் மனைவியும் கறுத்தக்கொழும்பான் மாமரமும் இருக்க, கிழமை முழுவதும் இந்தக் கண்டல்முனையில் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு படிப்பிக்கிறவர். வாகரைக்கும் அங்கால், பஸ் போகிற மட்டும் போய், மிச்சத்தைச் சைக்கிளில் மிதிக்க வேண்டிய ஊர். சண்டையில் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது முகாமுக்கும் கூடவே போய், மரத்தில் பலகையைச் சாத்திவைத்துப் பாடம் எடுத்தார். சண்டை முடிவதற்கு முன்பே ஊருக்குத் திரும்பி வந்தவர்களில் அவரும் ஒருவர். இப்போது அதிபர், விஞ்ஞான ஆசிரியர், மணி அடிக்கிறவர் எல்லாமே அவர்தான்.

ஒரேயொரு குறை. அவருடைய விஞ்ஞானம் வாயிலிருந்து வரும், பிள்ளைகளின் கொப்பிக்குள் போகும், சோதனை நாளில் தாளுக்கு வரும். இருபத்தெட்டு வருடமாக அந்தப் பாதைதான்.

புதிய பாடத்திட்டம் வந்து அந்தப் பாதையை அடைத்துவிட்டது. இனிமேல் பிள்ளை கேட்க வேண்டுமாம், பிள்ளை தேட வேண்டுமாம், பிள்ளை கண்டுபிடிக்க வேண்டுமாம், ஆசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டுமாம். மூன்று நாள் செயலமர்வுக்குப் போய் வந்தார். வடையும் தேத்தண்ணியும் நன்றாகவே விளங்கின. மற்றதில், 'விடை தெரிந்த கேள்வியைக் கேட்பது தேடல் ஆகாது' என்று வழிகாட்டி நூலில் இருந்த ஒரு வரி மட்டும் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. வந்த அன்றே அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்ல எழுத வைத்து, கீழே கோடும் போட வைத்தார்.

அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்ததும், பிள்ளைகள் தேட வேண்டிய கேள்விகளை எல்லாம் அவரே தேடினார். யார், எதை, எப்போது கேட்பது என்று துண்டுத் துண்டாக எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஒத்திகையும் நடந்தது.

ஒத்திகையின் நடுவில் றஞ்சிதா எழும்பினாள். கரைவலைக்காரர் வீட்டுப் பெட்டை. ஒரு நாளைக்கு நாலு கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"சேர், அப்ப இது தேடல் ஆகாதே?"

"என்னத்துக்கு ஆகாது?"

"விடை எங்களுக்குத் தெரியுமே. நீங்கதானே எழுதித் தந்த."

"புள்ள, அதிகாரி வாற நேரம் தேடல் பிழைச்சிப் போகப்படாது. அதுக்குத்தான் முன்னமே தேடி வைக்கிறது. இரி!"

றஞ்சிதா இருந்தாள். இருந்து கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"முட்டை ஆரு கொண்டு வாறது?" என்று சேர் கேட்டபோது, முதலில் கையைத் தூக்கியவளும் அவள்தான். "நான் கொண்டு வாறன் சேர்." பாருங்கள், என்ன கேட்டாலும் உதவிக்கு முன்னுக்கு நிற்கிற பிள்ளை என்று சேர் அன்றைக்கு உள்ளம் குளிர்ந்தார்.

அந்த முட்டைதான் இப்போது மிதக்கிறது.

நல்லரத்தினம் சேர் யன்னலால் கிணற்றைப் பார்த்தார். அவருடைய கவலை பாடம் பிழைத்தது மட்டும் இல்லை. அந்தக் கரையில் இருந்த கிணறெல்லாம் சுனாமியோடு உப்பாகி, வருடக் கணக்கில் கிடந்தவை. எத்தனையோ பேரைக் கொடுத்துவிட்டு நின்ற சனத்துக்கு, மணல்மேட்டில் இருந்த பள்ளிக்கூடக் கிணறு ஒன்றுதான் தப்பிய நல்ல தண்ணீர். இடம்பெயர்ந்து போனவர்கள் திரும்பி வந்ததும் அந்தக் கிணற்றை நம்பித்தான்.

வலயத்துக் கடிதத்தில் இரண்டாம் பந்தி இப்படி இருந்தது: பிள்ளைகள் குறைந்த, குடிநீர் வசதி இல்லாத பாடசாலைகளில் பத்தாம், பதினோராம் வகுப்புகளை நிறுத்தி, அருகிலுள்ள பாடசாலையோடு சேர்க்க வேண்டும். அருகிலுள்ள பாடசாலை ஒன்பது கிலோமீற்றர். நடுவில் காடு, காட்டுக்குள் ஆனை. ஆண் பிள்ளைகள் பாதிப் பேர் வலைக்குப் போவார்கள். பெண் பிள்ளைகள் ஒருவரும் போகமாட்டார்கள். றஞ்சிதாவும்தான். பிள்ளைகள் குறைவு என்பதை மறைக்க முடியாது. தண்ணீர் இருக்கிறது என்பதைத்தான் காட்ட வேண்டும்.

அந்தத் தண்ணீரில் இப்போது முட்டை மிதக்கிறது.

நல்லரத்தினம் சேர் ஒரு குவளையில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வாயில் வைத்தார். நாக்கைச் சுழற்றினார்.

"கரிக்கிற மாதிரி இரிக்குதே" என்றார் மெதுவாக.

நிரோசன் வாங்கிக் குடித்தான். "ஓம் சேர், கரிக்கிதுதான்."

அடுத்தவன் குடித்தான். "நல்லாவே கரிக்கிது."

ஐந்தாவது பிள்ளை குடித்தபோது அது முகத்தைச் சுளித்துத் துப்பியது. ஏழாவது பிள்ளைக்குத் தொண்டையே எரிந்தது. நேற்று வரைக்கும் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு அதே முற்றத்தில் பந்தடித்த பிள்ளைகள்!

றஞ்சிதா குவளை முழுவதையும் குடித்துவிட்டு வைத்தாள். "எனக்குக் கரிக்கல்ல சேர். நல்ல தண்ணி."

"ஒனக்கு நாக்கு மரத்துப் போச்சி."

"சேர், நான் ஒண்டு சொல்லட்டா? வேற முட்டை ஒண்டு போட்டுப் பாப்பமே?"

"மறுகா புள்ள, மறுகா! எல்லாம் பிறகு. கிணறு போச்சி எண்டு நிக்கிறன், முட்டைக்கு மாப்பிள்ளை பாக்கிறியா?"

பிள்ளைகளிடம் திரும்பி, விரலை வாயில் வைத்தார். "இஞ்ச பாருங்க. இந்தக் கதை இந்த வகுப்பை விட்டு வெளிய போகப்படாது. வீட்டிலயும் சொல்லப்படாது. ஒருத்தருக்கும் சொல்லப்படாது."

அப்படிச் சொல்லிப் பன்னிரண்டு நிமிடத்தில் வேலன் வந்து சேர்ந்தார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். தோணியில் நின்று கூப்பிட்டால் கரைக்குக் கேட்கிற குரல். அந்தக் குரலைக் குறைக்க அவருக்கு ஒருநாளும் தேவை வந்ததில்லை.

"சேர்! கிணறு உப்பாப் போச்சாமே!"

"மெதுவாக் கதைங்க வேலன்! இன்னும் ஒண்டும் தெரியாது."

"என்ன தெரியாது? கிணத்தடியில பெண்டுகள் எல்லாரும் குடிச்சிப் பாத்துட்டாளுகள். கடல் தண்ணியாம்! நீங்க ஒண்டுக்கும் யோசியாதீங்க. மற்ற ஊருக்குத் தண்ணி கொண்டு போன பிரதேச சபைப் பவுசரைச் சந்தியில மறிச்சி, இஞ்சால திருப்பிட்டன். இந்தா வருகுது."

"ஐயோ வேலன்! அதிகாரி வாற நேரம் வாசலில பவுசர் நிண்டா, இஞ்ச தண்ணி இல்ல எண்டு பலகையில எழுதித் தொங்கவிட்ட மாதிரி எல்லோ!"

வேலன் தலையைச் சொறிந்தார். அவர் பிழை விட்டால் சும்மா நிற்கிற ஆள் இல்லை. இன்னொரு பிழை விட்டு அதைச் சரிப்பண்ணுவார்.

"அப்ப கிணத்தை இறைப்பம்! சுனாமிக்குப் பிறகு அப்படித்தானே செஞ்ச. உப்பை முழுக்க இறைச்சி வெளிய விட்டா, ஊத்து நல்ல தண்ணியாச் சுரக்கும். என்ட மெசினைக் கொண்டு வாறன்."

நல்லரத்தினம் சேர் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளி வேலனுக்குப் போதும். இருபது நிமிடத்தில் மெசின் கிணற்றடியில் இரைந்தது. குழாய் வாய் முற்றத்தைப் பார்த்து நின்றது. முதலில் தண்ணீர் வந்தது. பிறகு கலங்கல் வந்தது. அதற்குப் பிறகு சேறு வந்தது. கண்ணாடி மாதிரிக் கிடந்த கிணறு தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. முற்றம் விதைப்புக்குத் தயாரான வயல்வட்டை மாதிரி நிறைந்துபோனது.

"சேர், நான் ஒண்டு சொல்லட்டா?" என்றாள் றஞ்சிதா.

"மறுகா!"

பவுசர் லொறியும் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் முத்தலிப். அந்தக் கரை முழுவதற்கும் வருடக் கணக்காக நல்ல தண்ணீர் சுமக்கிறவர், வெள்ளைத் தொப்பியும் வெற்றிலை வாயுமாக எந்த ஊரிலும் உரிமையோடு இறங்குகிறவர். குடங்களும் கான்களும் வாசலை அடைத்துக்கொண்டு வரிசை கட்டின.

நல்லரத்தினம் சேருக்கு அந்த நேரத்தில் ஒரு குறுக்கு யோசனை உதித்தது. நேர்மையான மனிசனுக்கு உதிக்கிற குறுக்கு யோசனை எப்போதும் பிழைத்துத்தான் போகும். கிணற்றுத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, சாடியில் பவுசர் தண்ணீரை நிரப்பினால் முட்டை தாழும். அதிகாரி கேட்டால் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லலாம். ஒரு சின்னப் பொய். ஊருக்காக. மூத்த பிள்ளையாரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

பின்கதவால் போய் ஒரு வாளி வாங்கி வந்தார். சாடியை நிரப்பினார். முட்டையைப் போட்டார்.

மிதந்தது.

சேர் கதிரையில் இருந்துவிட்டார். பவுசரும் உப்பு! இந்தக் கரையில் இனி நல்ல தண்ணீரே இல்லையா? நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை உதட்டில் பட்டது. அதுவும் கரித்தது.

அதை அவர் மனதுக்குள் வைத்திருக்கலாம். ஆனால் யன்னலுக்கு வெளியே நின்ற வேலன் முட்டையைப் பார்த்துவிட்டார்.

"எலே! பவுசர் தண்ணியும் உப்பு!"

அவ்வளவுதான். வரிசையில் நின்ற பெண்கள் குடத்தைச் சரித்துக் குடித்துப் பார்த்தார்கள். "ஓங்கா, கரிக்கிதுகா!" என்றாள் ஒருத்தி. "எனக்கு முன்னமே சாடையாத் தெரிஞ்சிகா, சொல்லல்ல" என்றாள் மற்றவள்.

முத்தலிப்புக்கு முகம் சிவந்தது. "அல்லாவே, இது என்ன அநியாயக் கதை! நான் விடியச் சாமத்தில போய்ப் புடிச்ச தண்ணி. இதக் குடிச்சித்தான் என்ட புள்ளையள் வளருது. தாங்க ஒரு கோப்பை!" என்று எல்லார் முன்னாலும் ஒரு குவளை குடித்தார். ஒருவரும் நம்பாததால் இன்னொன்று குடித்தார். மூன்றாவது குவளை பாதியில் இருக்கும்போது, பவுசருக்குப் பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்று ஹோண் அடித்தது.

அதிகாரி வினாயகமூர்த்தி இறங்கினார். வழியில்லாதபடியால் சப்பாத்தைக் கையில் எடுத்து, காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, முற்றத்துச் சேற்றுக்குள் கால் வைத்தார். கிணற்றைப் பார்த்தார். பவுசரைப் பார்த்தார். சண்டையைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார்.

வகுப்பில் பிள்ளைகள் எழும்பி வணக்கம் சொன்னார்கள். அவர் பின்வரிசை வாங்கில் போய் இருந்தார்.

"பாடத்தைத் தொடங்குங்கோ மாஸ்டர். நான் பார்க்கிறேன்."

நல்லரத்தினம் சேர் எங்கே தொடங்குவது என்று சாடியைப் பார்த்தார். ஆனால் பிள்ளைகளுக்குத் துண்டு இருந்தது. அதிகாரி இருந்த உடன் முதல் கேள்வி என்பது ஒத்திகை. நிரோசன் விறைப்பாக எழும்பினான்.

"சேர், இந்த முட்டை ஏன் தாழ்கிறது?"

வகுப்பு முழுவதும் முட்டையைப் பார்த்தது. அது நன்றாக மிதந்துகொண்டிருந்தது.

இரண்டாம் துண்டுக்காரி எழும்பினாள். "ஆகா! அடியில் போய்விட்டதே! இதற்குக் காரணம் என்னவாக இருக்கும்?"

அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பின்பு எழும்பி வந்து, வகுப்பு மூலையில் இருந்த மண்பானையிலிருந்து ஒரு குவளை தண்ணீர் எடுத்தார். இறைப்பதற்கு முன், காலையில் பிள்ளைகள் கிணற்றிலிருந்து நிரப்பியது. வெளியே கேட்ட சத்தமெல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது. ஒரு வாய் குடித்தார்.

"உப்புச் சவர்தான்" என்றார். வலயத்தின் முத்திரை குத்தியதுபோல இருந்தது அந்தச் சொல். "மாஸ்டர், எனக்கு உங்களில கோபம் இல்லை. ஆனால் தண்ணீர் இல்லாத இடத்தில வகுப்பு நடத்த ஏலாது. நான் எழுதத்தான் வேணும்."

பேனை தாளில் பட்டது. நல்லரத்தினம் சேருக்குக் கண் நிறைந்துவிட்டது. முகாமுக்குள் மரத்தடியில் சாத்தியிருந்த பலகை நினைவுக்கு வந்தது. அதற்கெல்லாம் தாக்குப்பிடித்த பள்ளிக்கூடம் ஒரு முட்டையில் போகிறதே!

"சேர், நான் ஒண்டு சொல்லட்டா?"

றஞ்சிதாதான். 'மறுகா' என்று சொல்ல வாயைத் திறந்தார். இனி மறுகா என்ற ஒன்றே மிச்சமில்லை என்று தெரிந்தது.

"சொல்லு புள்ள."

"போன கிழமை ஒத்திகையில உப்புச் சாடிக்கு நாங்கதானே உப்புக் கரைச்ச. மதியச் சாப்பாட்டு முட்டை ஒண்டை விட்டு விட்டுப் பாத்தம். ஒரு கரண்டி போட்டம், தாழ்ந்திச்சி. ரெண்டு போட்டம், தாழ்ந்திச்சி. ஒரு போத்தல் தண்ணிக்கு ஆறு கரண்டி போட்ட பிறகுதான் மிதந்திச்சி. என்ட கொப்பியில எழுதியிரிக்கன்."

"அதுக்கு?"

"அப்ப, முட்டையை மிதக்க வைக்கிற தண்ணி எண்டா, அதில ஆறு கரண்டி உப்பு இரிக்க வேணும். பெரியவருக்கு அதைக் கொஞ்சம் குடுத்துப் பாப்பமா?"

அதிகாரி சிரித்தார். பிள்ளைகள் ஆறு கரண்டி உப்பை ஒரு போத்தல் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். அவர் ஒரு வாய் வைத்தார். அடுத்த நொடி யன்னலுக்கு ஓடிப்போய்த் துப்பினார். முகம் ஒரு பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

"இப்ப இதைக் குடியுங்க சேர்" என்று றஞ்சிதா பானைத் தண்ணீரைக் கொடுத்தாள்.

குடித்தார். நிறுத்தினார். மீண்டும் குடித்தார். குவளையைக் காலியாக்கிவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "இளநீர் மாதிரி இருக்கு."

வகுப்பு முழுவதும் பானையடிக்கு ஓடியது. "கரிக்கல்ல!" "எனக்கும் கரிக்கல்ல!" யன்னலில் தொங்கிக்கொண்டிருந்த வேலனும் ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டு, முற்றத்தைப் பார்த்துக் கத்தினார். "எலே, தண்ணி நல்ல தண்ணி! நானும் அப்பவே யோசிச்ச!" முத்தலிப் அவரைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர ஏலாது.

நல்லரத்தினம் சேர் மேசையடியில் நின்றபடியே நின்றார். கிணறு நல்லது. பவுசர் நல்லது. ஆனாலும் முட்டை மிதக்கிறது. அவருடைய கொப்பி, வழிகாட்டி, இருபத்தெட்டு வருடக் குறிப்பு ஒன்றிலும் இது இல்லை. அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். 

"அப்ப... இந்த முட்டைக்கு என்ன நடந்திரிக்கும்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, விடை தெரியாமல் ஒரு கேள்வியை வகுப்பில் கேட்டார்.

பிள்ளைகள் அந்தக் கேள்வியின்மேல் பாய்ந்தார்கள். முட்டைக்குள் காற்று என்றான் ஒருவன். மேல்தோடு மெல்லிசு என்றாள் ஒருத்தி. "முட்டைதான் பிழையெண்டா, வேற முட்டை அதே தண்ணியில தாழ வேணும்" என்றான் நிரோசன், கையில் துண்டு இல்லாமல், சொந்தமாக. சமையலுக்கு வைத்திருந்த முட்டைகளைக் குசினியிலிருந்து ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். பானையில் இருந்த கிணற்றுத் தண்ணீரில் போட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு சத்தமும் இல்லாமல் அடியில் போய் இருந்தது. றஞ்சிதாவின் முட்டை மட்டும் மேலே நின்று எல்லாரையும் பார்த்தது. இரண்டையும் கையில் வைத்துப் பாரம் பார்த்தார்கள். காதில் வைத்துக் குலுக்கினார்கள். மணி அடிக்க வேண்டிய நேரம் போய்விட்டது. அடிக்கிற ஆள் மேசையில் குனிந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக முட்டையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

அதிகாரி எழுதிய வரியைக் குறுக்கே வெட்டினார். வேறு பக்கம் திருப்பி நிறைய நேரம் எழுதினார்.

"மாஸ்டர்," என்றார். "இந்த வருசம் இருபத்தாறு பாடசாலைக்குப் போனேன். எல்லா இடத்திலயும் பிள்ளையள் தேடினதுபோல நடிச்சினம். இங்கதான் உண்மையாத் தேடுறதைக் கண்டேன். நீங்களும் சேர்ந்து தேடினீங்கள். இந்த வகுப்பு எங்கயும் போகாது. கிணறும் தெளியட்டும். தண்ணீர் நல்லதெண்டு நானே எழுதுறேன்."

 நல்லரத்தினம் சேர் வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவமானமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. சந்தோசம்தான் கூட.

"உடைச்சிப் பாப்பம்" என்றார் அதிகாரி, ஆர்வம் தாங்காமல்.

உடைத்தார்கள். அடுத்த கணம் பதினேழு பிள்ளைகள், ஒரு அதிபர், ஒரு அதிகாரி எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சேற்று முற்றத்தில் நின்றார்கள். கோழி அடைகாத்தும் குஞ்சு பொரிக்காமல் கெட்டுப்போன கூழ்முட்டை! உள்ளே பாதி காற்று. மிதக்காமல் என்ன செய்யும்?

"ஒரு முட்டை பாத்து எடுக்கத் தெரியாம, புள்ள, ஊரையே கலக்கிப்போட்டியே" என்று சேர் றஞ்சிதாவின் தலையில் செல்லமாகக் குட்டினார். அவள் தன் கால் விரலைப் பார்த்தாள்.

அப்போது வேலிக்கு அங்காலிருந்து இலட்சுமிப்பிள்ளை எட்டிப் பார்த்தாள். ஊரில் பாதிப் பேருக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கிறவள். காலையிலிருந்து தோட்டத்தில் நின்றதால் நடந்த கூத்து ஒன்றும் அவளுக்குத் தெரியாது. சேலை மடியில் எதையோ பொத்திப் பிடித்திருந்தாள்.

"புள்ள றஞ்சிதா! நேத்து என்ட கூழ்முட்டை எல்லாத்தையும் தண்ணியில விட்டுப் பாத்து, 'நல்லா மிதக்கிறது ஒண்டு வேணும் மாமி, எங்கட சேருக்கு விடை தெரியாத கேள்வி ஒண்டு குடுக்கப்போறன்' எண்டு பொறுக்கிக்கொண்டு போனியே, இன்னும் ரெண்டு கிடக்கு, நாளைப் பாடத்துக்கும் வேணுமா?"